கூடுதலாக இருந்த மல்லாட்டை மூட்டைகள்

போன மாதம் நம் ஆடிட் ஆபீஸிலிருந்து என்னை வழியனுப்பி வைத்தீர்கள். சால்வை போட்டீர்கள், கேக் வெட்டச் சொன்னீர்கள், என் பழைய கால்குலேட்டரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டிப் பரிசாகக் கொடுத்தீர்கள். அது இன்னும் நன்றாக வேலை செய்கிறது, அதைப் போய் ஏன் அடைத்தீர்கள் என்று எனக்குக் கோபம்தான். அதை விடுங்கள். அன்றைக்கு உங்களில் ஒருவர், “மேடம், ஒரு கம்பெனிக்குள்ள போனதும் தப்பு எங்கன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?” என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பிவிட்டு மிக்சர் தட்டை எடுத்துக்கொண்டேன். பதில் தெரியாமல் இல்லை. அந்தப் பதிலில் நான் நல்லபடியாக வரமாட்டேன், அதனால்தான் மழுப்பினேன். இப்போது வீட்டில் சும்மா இருக்கிறேன். எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நீங்கள் படித்த புத்தகங்களில் கணக்குக்கு விதிகள் உண்டு. கணக்கு எழுதுகிறவருக்குச் சுபாவம் உண்டு என்று எந்தப் பரீட்சையிலும் கேட்க மாட்டார்கள். விழுப்புரத்தில் ஒரே தெருவில் இரண்டு கடைகளுக்கு நான் கணக்குப் பார்த்தேன். ஒரு ஜவுளிக்கடைக்காரர் வராத கடனை வராது என்று எழுதவே விடமாட்டார். “அவன் என் பங்காளிம்மா, குடுத்துடுவான்” என்பார். பங்காளி செத்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். எதிரே இருந்த ஹார்டுவேர் கடைக்காரர் கடன் கொடுத்த மறுமாதமே, “அவன் மூஞ்சியே சரியில்ல, கழிச்சுடுங்க” என்பார். ஒரே சட்டம், ஒரே தெரு. ஆனால் ஒருவர் லாபம் எப்போதும் ஊதியிருக்கும், இன்னொருவர் லாபம் எப்போதும் ஒடுங்கியிருக்கும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. தங்கள் குணத்தைத்தான் எழுதினார்கள்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ரொம்ப நாள் ஆகவில்லை. ஆடிட்டருக்கும் ஒரு குணம் உண்டு, அதுவும் கணக்கில் ஏறிவிடும் என்று தெரிந்துகொள்ளத்தான் ஏழு வருஷம் ஆனது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது நம் அலுவலகம் விழுப்புரம் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில், மாடியில், இரண்டு அறைகளாக இருந்தது. ஒவ்வொரு ரயிலுக்கும் ஜன்னல் அதிரும். என் சீனியர் அந்தச் சத்தம் ஓயும்வரை பேனாவை மூடி வைத்துக்கொண்டு காத்திருப்பார். எல்லாவற்றுக்கும் காத்திருப்பார். ஒரு பில்லைப் பார்த்து முடித்துவிட்டோம் என்று நாம் அடுத்ததை எடுக்கும்போது, “இன்னும் ஒண்ணு கேக்கலாமா?” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் வேகக்காரி. கூட்டலில் வேகம், நடையில் வேகம், கோபத்திலும் வேகம். இத்தனை வருஷம் கழித்து இப்போது அந்த ஜன்னல் அதிர்வைத் தேடுகிறேன். அப்போது எனக்கு அந்த அறையை விட்டு எப்போது கிளம்பலாம் என்பதே யோசனையாக இருந்தது.

சீனியர் எனக்கென்று ஒப்படைத்த முதல் பெரிய வேலை, திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை வியாபாரியின் எண்ணெய் மில். மல்லாட்டை என்றால் உங்களில் வெளியூர்க்காரர்களுக்கு நிலக்கடலை. மில்லுக்கு இருநூறு அடி முன்பே வாசனை வந்துவிடும். புது எண்ணெயும் சூடான புண்ணாக்கும் கலந்த வாசனை. சீசனில் மார்க்கெட் கமிட்டி ஏலத்தில் எடுத்த மூட்டைகள் லாரி லாரியாக வந்து இறங்கும். வாசலில் உதிர்ந்து கிடக்கும் கொட்டைகளைக் காலில் மிதிக்காமல் உள்ளே போக முடியாது. நான் போனதும் ஒரு சொம்பு மோரும், ஒரு கை வறுத்த மல்லாட்டையும் வந்துவிடும். ஆடிட்டர் எதையும் வாங்கிச் சாப்பிடக்கூடாது என்று நீங்கள் இப்போது சொல்வீர்கள். நான் சாப்பிட்டேன். அந்த ருசி இப்போது எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.

முதலாளி நல்ல உயரம், நல்ல குரல். எதையும் பெரிதாகச் சொன்னால்தான் அவருக்கு மனசு ஆறும். பத்து மூட்டை வாங்கினால் இருபது என்பார். பாங்கில் கடன் வாங்கும்போதும் அந்தப் பழக்கம் விடவில்லை. குடோனில் இருக்கும் சரக்கைக் காட்டித்தான் பாங்கு கடன் கொடுக்கும். நான் முதன்முறை போனபோது, குடோனின் ஒரு மூலையில் தனியாக இருந்த மூட்டைகளையும் சேர்த்து எண்ணச் சொன்னார். கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு சாக்கிலும் ஒரு பெயர் எழுத்து, பக்கத்தில் ஊர். சிலதில் முகையூர், சிலதில் ஓமந்தூர். விலை ஏறட்டும் என்று விவசாயிகள் போட்டு வைத்திருந்த அவர்கள் சரக்கு.

“ஐயா, இது உங்க சரக்கு இல்லையே” என்றேன்.

“என் கூரைக்குக் கீழ இருக்குதில்ல? நாளைக்கு நான்தானே வாங்கப்போறேன்?”

“நாளைக்கு வாங்கினதும் நாளைக்கு எழுதிக்கலாங்க.”

அவர் கத்தினார். நானும் கத்தினேன். கடைசியில் அவரே சிரித்துவிட்டார். “இன்னாம்மா நீ, பொம்பளப் புள்ளன்னு பாத்தா கம்பியா நிக்கிறியே” என்றார். அடுத்த வாரமே திண்டிவனம் கடைத்தெரு முழுக்க எனக்குக் கறார் ஆடிட்டர் என்று பெயர். யார் பரப்பினார் என்று நினைக்கிறீர்கள், அவரேதான். தன் ஆடிட்டரையும் அவர் பெரிதாகத்தான் சொல்ல வேண்டும். எனக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்திருந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் அவர் எங்கே ஊதுகிறார் என்று பார்ப்பதிலேயே என் கண் முழுவதும் இருந்தது.

அந்தக் குடோனுக்கு ஒரு மேனேஜர் இருந்தார். பெயர் ஆறுமுகம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஒல்லியான ஆள். முதலாளி குரல் கேட்டால் தோளில் கிடக்கும் துண்டு தானாகக் கைக்கு வந்துவிடும். ஸ்டாக் ரிஜிஸ்டரை முத்துமுத்தான கையெழுத்தில் எழுதுவார். அடித்தல் திருத்தல் ஒன்று இருக்காது. எனக்கு வேண்டிய காகிதம் நான் கேட்பதற்குள் மேஜைக்கு வரும். இப்படிப்பட்ட ஆளை எந்த ஆடிட்டருக்குத்தான் பிடிக்காது?

இங்கே ஒரு சின்ன விஷயம் சொன்னால்தான் மீதி புரியும். மல்லாட்டை வரும்போது ஈரமாக இருக்கும். குடோனில் கிடந்து காயக் காய எடை குறையும். அதனால் கொஞ்ச நாள் கழித்து மூட்டைகளைக் கொட்டி, எடை போட்டு, மறுபடி கட்டுவார்கள். நூறு மூட்டை இருந்தது தொண்ணூற்றாறு ஆகும். அந்த நான்கு மூட்டையை ரிஜிஸ்டரில் கழிவு என்று எழுதிக் குறைத்துவிடுவார்கள். எவ்வளவு கழிவு என்று எழுதுகிறவர் ஆறுமுகம்தான். தராசும் அவர் கையில், பேனாவும் அவர் கையில்.

முதல் வருஷம் மார்ச் முப்பத்தொன்றாம் தேதி சரக்கு எண்ணப் போனேன். அடுக்கிய மூட்டைகளுக்கு அட்டி என்று பெயர். நீளத்தில் எத்தனை, உயரத்தில் எத்தனை, அகலத்தில் எத்தனை என்று பெருக்கி, மேலே உதிரியாகக் கிடப்பதைக் கூட்ட வேண்டும். இப்போது நீங்கள் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறீர்கள். அப்போது தகரக் கூரைக்குக் கீழே, மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு, நானே ஏணி ஏறி எண்ணினேன். என் கைப்பை டைரியின் பின்பக்கத்தில் பெருக்கல் போட்டுப் பார்த்தேன். அறுநூற்று இருபத்தொன்று வந்தது. ரிஜிஸ்டரில் அறுநூற்றுப் பன்னிரண்டுதான். இரண்டாம் முறை எண்ணினேன். மறுபடியும் ஒன்பது மூட்டை கூடுதல்.

ஆறுமுகம் ஏணிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். “சரியா இருக்குங்களாம்மா?” என்றார். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. தூசி என்று நினைத்தேன்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பாங்குக்கும் அலுவலகக் கோப்புக்கும் போகிற எண்ணிக்கைத் தாளில் அறுநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஏன் என்று கேட்டால் நான் எத்தனையோ காரணம் சொல்லலாம். பள்ளியிலிருந்து மகளைக் கூட்டிவர பஸ் பிடிக்க வேண்டும், வெயில், தூசி. அதெல்லாம் சாக்கு. குறைந்திருந்தால் அன்றைக்கு ராத்திரி வரை உட்கார்ந்து அந்தக் குடோனையே புரட்டியிருப்பேன். கூடுதல்தானே, யார் வீட்டுக்கும் நஷ்டம் இல்லையே என்று தோன்றியது. கூடுதலை எழுதினால் காரணம் எழுத வேண்டும், முதலாளி ஆடுவார், ஒரு நாள் வீணாகும். திருடனைப் பிடிக்கிற ஆடிட்டர் என்று என்னை நானே நினைத்துக்கொண்டிருந்தேன். கூடுதலில் பிடிக்கத் திருடன் யாரும் இல்லை.

மறுநாள் சீனியர் கேட்டார். “எண்ணிக்கை?”

“சரியா இருந்தது சார்.”

“சரின்னா, குறையலையா? இல்ல, கூடவும் இல்லையா?”

“சரிதான் சார்” என்றேன், கொஞ்சம் எரிச்சலாகவே. அவர் என்னையே பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அதுதான். இன்றுவரை அது உறுத்துகிறது.

அடுத்த வருஷம் பதிமூன்று மூட்டை கூடுதல். அதற்கடுத்து பதினாறு. முதல் வருஷம் எழுதாமல் விட்டதை மூன்றாம் வருஷம் எழுதினால், முன்பு ஏன் எழுதவில்லை என்று கேட்பார்கள். அதனால் ஒவ்வொரு மார்ச்சும் டைரியில் நிஜத்தைப் பெருக்கினேன், தாளில் ரிஜிஸ்டரைப் பார்த்து எழுதினேன். இதற்கு நடுவில் சீனியர் ஓய்வு பெற்றுப் புதுச்சேரியில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். மில் கணக்கு முழுவதும் என் பொறுப்பாகிவிட்டது. முதலாளியோடு நான் வருஷா வருஷம் சண்டை போட்டேன், ஜெயித்தேன், மோர் குடித்தேன். உண்மையைச் சொன்னால் சந்தோஷமான வருஷங்கள் அவை.

ஏழாம் மார்ச்சுக்குப் பிறகு வந்த ஆடியில் திண்டிவனத்தில் ஒரு மாலை நல்ல மழை. குடோன் கூரையில் இரண்டு தகடு பெயர்ந்து ஒழுகியது. சரக்கு நனையக் கூடாது என்று மூட்டை மொத்தத்தையும் வாடகைக் கொட்டகைக்கு மாற்றினார்கள். லோடுமேன்களுக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி, அதனால் அவர்கள் ஒன்று விடாமல் எண்ணுவார்கள். முதலாளி கூலிக் கணக்கையும் ரிஜிஸ்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முப்பத்தேழு மூட்டை கூடுதல்.

மறுநாள் காலை எனக்குப் போன் வந்தது. “அம்மா, ஆறுமுகம் என்னை ஏமாத்திக்கினு இருந்திருக்கான். கழிவை ஜாஸ்தியா எழுதிட்டு மூட்டையை ஒதுக்கி வெச்சு வித்துக்கினு இருக்கான். இது விக்காத மிச்சம். மார்ச்சுல நீங்க எண்ணுனப்ப கரெக்டா இருந்துச்சு. நாலு மாசத்துல முப்பத்தேழு மூட்டை எப்படிம்மா முளைக்கும்? போலீஸ்ல குடுக்கப்போறேன். நீங்க அந்த எண்ணிக்கைப் பேப்பரை மட்டும் எடுத்துக்கினு வாங்க.”

போனை வைத்ததும்தான் எனக்கு உறைத்தது. நான் போட்ட கையெழுத்துதான் ஆறுமுகத்தைத் திருடன் ஆக்கிக்கொண்டிருந்தது. மார்ச்சில் எதுவும் கூடுதல் இல்லை என்று நான்தானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

சீனியருக்குப் போன் செய்யலாமா என்று எடுத்தேன். அவர் “இன்னும் ஒண்ணு கேக்கலாமா?” என்பார். வைத்துவிட்டேன். ஏழு வருஷத்துத் தாள்களையும், பரணில் கிடந்த ஏழு டைரிகளையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி தாண்டும்வரை, டைரியை வெளியே எடுக்காமல் இருந்தால் என்ன என்றுதான் யோசித்தேன். ஒளித்துச் சொல்ல ஒன்றும் இல்லை, அதைத்தான் யோசித்தேன். டைரி இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். எடுத்தால் பொய்க் கையெழுத்துப் போட்ட ஆடிட்டர் என்று ஆகிவிடும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அது பரவ ஒரு டீ குடிக்கும் நேரம் போதும். என் பெயர் ஒன்றுதான் நான் சம்பாதித்த சொத்து. மயிலம் தாண்டும்போதும் நான் முடிவுக்கு வரவில்லை.

மில் ஆபீஸில் முதலாளி உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் டைப் அடித்த புகார் தயாராக இருந்தது. ஆறுமுகம் சுவரோரம் நின்றிருந்தார். கையில் ஒரு பிஸ்கட் டின். முந்தின நாள் சட்டையே போட்டிருந்தார்.

“வாங்கம்மா” என்றார் முதலாளி. “இந்தக் கூத்தைப் பாருங்க. ஒரு டப்பா நெறைய துண்டுச் சீட்டு எடுத்துக்கினு வந்திருக்கான். மறுமூட்டை கட்டுறப்பல்லாம் நெஜமா எவ்ளோ இருந்துச்சுன்னு அதுல எழுதி வெச்சிருக்கானாம். ஏழு வருஷமாக் கூடுதல் அப்படியே குடோன்லயே இருக்குதாம், ஒரு மூட்டையும் வெளிய போகலியாம். நேத்து உக்காந்து எழுதுன சீட்டு! யோவ், ஆடிட்டரம்மா ஏழு வாட்டி எண்ணி ஏழு வாட்டியும் சரின்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. அவங்க பொய்யா, உன் சீட்டு பொய்யா? சொல்லு!”

ஆறுமுகம் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

“அம்மா எண்ணுனது தப்புன்னு நான் எப்படிங்க சொல்றது? அவங்க படிச்சவங்க. தூசியில, வெயில்ல, ஒரு வரிசை விட்டுப் போயிருக்கலாம்ங்க. அதுக்கு அவங்க இன்னா பண்ணுவாங்க.”

ஜெயிலுக்குப் போகப்போகிற மனிதர் எனக்கு வழி விட்டுக் கொடுத்தார். எண்ணிக்கையில் தவறிவிட்டேன் என்று நான் சொல்லியிருக்கலாம். யாரும் பெரிதாகக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் நான் தவறி எண்ணினேன் என்றால் அவர் சீட்டு உண்மை என்று ஆகாது. சந்தேகம் சந்தேகமாகவே நிற்கும், அவர் அந்தச் சந்தேகத்தோடு திண்டிவனத்தில் வாழ வேண்டும்.

பையைத் திறந்து டைரிகளை மேஜைமேல் அடுக்கினேன்.

“ஆறுமுகம், உங்க சீட்டுல முதல் மார்ச்சுக்கு எத்தனை கூடுதல்னு இருக்கு? படிங்க.”

அவருக்குப் புரியவில்லை. டின்னைத் துழாவி ஒரு மஞ்சள் சீட்டை எடுத்தார். “ஒம்போதுங்க.”

நான் டைரியைத் திருப்பி முதலாளிக்குக் காட்டினேன். என் கையெழுத்து, என் பெருக்கல், ஓரத்தில் தேதி. ஒன்பது.

“அடுத்த வருஷம்?”

“பதிமூணு.”

பதிமூன்று. அடுத்தது பதினாறு, அதற்கடுத்தது இருபது. அவர் படிக்கப் படிக்க நான் ஒவ்வொரு டைரியாகத் திருப்பினேன். இருபத்தைந்து. இருபத்தொன்பது. போன மார்ச்சுக்கு அவர் முப்பத்துநாலு என்றபோது முதலாளி டைரியைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு வருஷம்கூடக் குறையலைங்க ஐயா” என்றேன். “வித்திருந்தா குறைஞ்சிருக்கும். திருடுறவர் உங்க குடோன்லயே சேத்து வெக்க மாட்டார். இவர் சீட்டு பொய் இல்லை. நான் கையெழுத்துப் போட்ட தாள்தான் பொய். கூடுதலா இருக்குன்னு தெரிஞ்சே எழுதாம விட்டேன்.”

திறந்து கிடந்த டைரியை முதலாளி மெதுவாக மூடினார்.

“என்னை ஏழு வருஷமாத் திட்டுனீங்களேம்மா” என்றார் முதலாளி. அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதே இல்லை. “ஒரு மூட்டை ஏத்தி எழுதக்கூடாதுன்னு.”

“ஆமாங்க.”

அவர் ஆறுமுகம் பக்கம் திரும்பினார். “யோவ், உனக்கு இன்னாய்யா கேடு? ஏன்யா கழிவை ஜாஸ்தியா எழுதுன?”

ஆறுமுகம் துண்டைப் பிடித்து முறுக்கினார். “கண்டாச்சிபுரத்துல நான் முன்ன வேலை பாத்த ரைஸ் மில்லுல ரெண்டு மூட்டை கொறைஞ்சு போச்சுங்க. எலியும் ஈரமும். நான் எடுத்தேன்னு சொல்லி சந்தை நாள்ல ரோட்டுல நிக்க வெச்சுட்டாங்க. என் மாமனார் அந்தப் பக்கமா வந்தாரு. இங்க வந்தப்புறம் எது கொறைஞ்சாலும் நாலு மூட்டை கையில இருக்கட்டும்னு கழிவை ஏத்தி எழுதுனேன். நீங்க போடுற சத்தத்துல கழிவைக் குறைச்சு எழுதப் பயம். கூடிப் போனப்புறம் அதைச் சொல்லவும் பயம். கொறைஞ்சா எல்லாரும் கேப்பீங்க. கூடுனா யாரும் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்ங்க.”

முதலாளி புகார்த் தாளை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஆறுமுகத்திடம், “போய் சாப்புடு” என்றார். என்னிடம், “அடுத்த வருஷம் நான் வேற ஆளைப் பாத்துக்கறேம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு வலித்தது, ஆனால் அது நியாயம். அந்த வாரமே பாங்குக்கு ஏழு வருஷத்துத் திருத்தத்தையும் என் பெயரிலேயே எழுதி அனுப்பினேன். கேள்வி வந்தது, விளக்கம் கொடுத்தேன், இரண்டு கடைக்காரர்கள் என்னை விட்டுப் போனார்கள். கறார் ஆடிட்டர் என்று அதற்குப் பிறகு யாரும் சொல்லவில்லை.

ஆகவே, தப்பு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதலாளி ஊதுகிறவரா ஒடுக்குகிறவரா என்று பாருங்கள், சரி. மேனேஜர் எதற்குப் பயப்படுகிறார் என்று பாருங்கள், அதுவும் சரி. ஆனால் உங்களுக்கு எதைப் பார்த்தால் சலிப்பு வருகிறது, யாரைப் பார்த்தால் பிடித்துப்போகிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். உங்களில் ஒருவருக்குச் சண்டை என்றாலே ஆகாது, ஒருவருக்குப் பாராட்டு இல்லாவிட்டால் சோறு இறங்காது. நான் பார்த்திருக்கிறேன், பெயர் சொல்ல மாட்டேன். நான் கத்துகிறவரை மட்டுமே பார்த்தேன், பணிந்து நின்றவரைப் பார்க்கவில்லை. அந்த மில்லின் ஏழு வருஷக் கணக்கில் முதலாளியின் ஜம்பமும், ஆறுமுகத்தின் பயமும், என் அவசரமும் இருந்தன. மல்லாட்டை எவ்வளவு இருந்தது என்பது மட்டும்தான் இல்லை.

டைரிகளைக் காட்டிய அன்றைக்கு நான் மில்லிலிருந்து கிளம்பும்போது ஆறுமுகம் வழக்கம்போல ரோடு வரை கூடவே வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்து, என்ன பதில் சொல்வது என்று கூச்சமாக இருந்தது. மழைத்தண்ணீர் தேங்கிய இடத்தில் என்னைச் சுற்றிப் போகச் சொன்னார். பஸ் தூரத்தில் தெரிந்தபோதுதான் வாயைத் திறந்தார்.

“ஆடிட்டரம்மா, மொத வருஷமே உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும் ஆறுமுகம்.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“மார்ச் வந்தா எனக்குத் தூக்கமே கெடையாதும்மா. இந்த வருஷம் கண்டுபிடிச்சுடுவாங்களோ, இந்த வருஷம் கேட்டுடுவாங்களோன்னு ஏணிக்குக் கீழ நின்னுக்கினு இருப்பேன். அப்ப ஒம்போது மூட்டைதானே. நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனேம்மா.”